உங்களுக்குத் தெரியுமா? இடம் மாறும் டி.என்.ஏ.வின் கதைகள்

● கோழி முட்டை என்றால் வெள்ளை, இல்லாவிட்டால் பழுப்பு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டு அரௌகானா கோழி இடுவதோ வெளிர்நீல முட்டை. உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தாலும் நீலம்தான். பழுப்பு முட்டையில் நிறம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும்; இதில் ஓடு முழுக்க ஊறியிருக்கும். பிலிவெர்டின் என்ற பித்த நிறமிதான் அந்த நீலத்துக்குக் காரணம். பித்தப் பொருள்களைச் செல்லுக்குள் கடத்தும் மரபணு ஒன்று கோழிகளின் ஈரலில் வேலை செய்கிறது. அரௌகானாவில் அதே மரபணு, முட்டைக்கு ஓடு கட்டும் கருப்பையிலும் வேலை செய்கிறது. என்றைக்கோ, செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் ஒன்றின் டி.என்.ஏ. அந்த மரபணுவுக்கு முன்னால் வந்து அமர்ந்ததால் வந்த மாற்றம் இது. மரபணு உருவாக்கும் புரதம் மாறவில்லை. அது உருவாகும் இடம் மட்டும் கூடிவிட்டது. 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. சீனாவின் தோங்சியாங் கோழியும் நீல முட்டைதான் இடும். அதிலும் அதே வகை வைரஸ், அதே மரபணுவுக்கு முன்னால், ஆனால் சில டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஒரே சம்பவம் உலகின் இரு மூலைகளில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

● அந்தக் கோழிக்குள் வந்து ஒட்டியது போன்ற துணுக்குகள் ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் உண்டு. டி.என்.ஏ.வில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகத் தெரிந்தவை இவை. சில, இருந்த இடத்தை விட்டு அப்படியே கழன்று வேறு இடத்தில் செருகிக்கொள்ளும். மற்றவை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஆர்.என்.ஏ. வழியாகத் தம்மைப் படியெடுத்துப் புதுப் பிரதியை வேறு இடத்தில் நுழைக்கும். படியெடுக்க வேண்டுமானால் செல்லின் எந்திரங்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அதற்கான சுவிட்சுகளைப் பல துணுக்குகள் கூடவே கொண்டுவருகின்றன. அப்படியொரு துணுக்கு போய் உட்காரும் இடத்தில் ஏற்கெனவே ஒரு மரபணு இருந்தால்? பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி நம் வீட்டையும் எழுப்பிவிடுவது போல, அந்தச் சுவிட்ச் அக்கம்பக்கத்து மரபணுவையும் எழுப்பிவிடும். பரிணாமத்துக்கு இது பெரிய வாய்ப்பு. புதிய புரதம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், இருக்கும் புரதம் எப்போது, எங்கே, எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மட்டும் மாற்றி, புதிய பண்புகளைப் படைத்துவிட முடிகிறது.

● இதை முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். 1902இல் பிறந்த அமெரிக்கத் தாவர மரபியலாளர். நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், கோடைதோறும் மக்காச்சோளம் பயிரிட்டு, ஒவ்வொரு கதிரையும் ஒவ்வொரு மணியையும் கண்ணால் படித்தவர்.

அவர் பார்த்ததை நாமும் பார்க்கலாம். நிறமற்ற மணி ஒன்றில் ஆங்காங்கே ஊதாப் புள்ளிகள். சில மணிகளில் புள்ளி பெரிது, சிலவற்றில் ஊசிமுனை அளவு. ஊதா நிறத்தைத் தரும் மரபணுவுக்குள் ஒரு துணுக்கு போய் அமர்ந்ததால் நிறம் அடைபட்டிருக்கிறது. மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துணுக்கு கழன்றால், அந்தச் செல்லுக்கும் அதன் சந்ததிச் செல்களுக்கும் நிறம் திரும்ப வருகிறது. சீக்கிரமே கழன்றால் பெரிய திட்டு; வளர்ச்சியின் கடைசியில் கழன்றால் சின்னப் புள்ளி. அதாவது, புள்ளியின் அளவை வைத்தே துணுக்கு எப்போது கழன்றது என்று சொல்லிவிடலாம். அது தானாகக் கழலாது, குரோமோசோம்களில் வேறெங்கோ இருக்கும் இன்னொரு துணுக்கு தூண்டினால்தான் கழலும் என்பதையும் அவர் பிரித்தறிந்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது 1953இல். இவர் இத்தனையையும் நுண்ணோக்கியோடும் நோட்டுப் புத்தகத்தோடும் 1940களிலேயே கண்டுவிட்டார்.

1950இல் கட்டுரை, 1951இல் பெரிய கருத்தரங்கில் உரை. கேட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை, புரிந்தவர்களும் தயங்கினார்கள். துணுக்குகள் இடம் மாறுகின்றன என்பதையாவது சோளத்தின் விசித்திரம் என்று ஏற்றுக்கொண்டார்கள். மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதே இவற்றின் வேலை என்று அவர் சொன்னதைத்தான் ஏற்க மறுத்தார்கள். 1960களின் இறுதியில் பாக்டீரியாவிலும் தாவும் துணுக்குகள் தென்பட்ட பிறகே காற்று திரும்பியது. 1983இல் மருத்துவ நோபல் பரிசு, யாருடனும் பகிராமல், முழுதும் அவருக்கே. அப்போது அவருக்கு வயது 81. அவர் சொன்னதில் எல்லாமே சரி என்று இன்றைய அறிவியல் சொல்லவில்லை. ஆனால் கட்டுப்பாடு பற்றிய அவருடைய உள்ளுணர்வுக்கு 2000க்குப் பிந்தைய ஆய்வுகள் அடுக்கடுக்காகச் சாட்சி சொல்கின்றன. கீழே வருபவற்றில் பல அந்தச் சாட்சிகள்தாம்.

● மனித டி.என்.ஏ.வின் நீளம் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதங்களுக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. தாவும் துணுக்குகளும் அவற்றின் எச்சங்களுமோ ஏறக்குறைய பாதி. பழங்கால ரெட்ரோவைரஸ்களிலிருந்து வந்தது மட்டுமே சுமார் 8 சதவீதம். ஆலு என்ற குட்டித் துணுக்கு வெறும் 300 எழுத்து நீளந்தான். ஆனால் 10 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகளாக நமக்குள் நிறைந்திருக்கிறது. மக்காச்சோளத்தில் இந்த வகையறாவின் பங்கு சுமார் 85 சதவீதம். மெக்ளின்டாக் தேர்ந்தெடுத்த பயிர் அது!

● வட்ட விதை, சுருங்கிய விதை என்று மெண்டல் பட்டாணியில் எண்ணிப் பார்த்தது எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் உண்டு. விதை ஏன் சுருங்கியது? மாவுச்சத்தைக் கிளைவிட வைக்கும் நொதிக்கான மரபணுவுக்குள் ஒரு தாவும் துணுக்கு புகுந்து அதைக் கெடுத்துவிட்டதால். இது தெரியவந்தது 1990இல். மரபியலின் முதல் பாடத்திலேயே தாவும் டி.என்.ஏ. இருந்திருக்கிறது, மெண்டலுக்கே தெரியாமல்.

● இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சிக்கு இறக்கை வெளிறிய நிறம். தொழிற்புரட்சியின் கரிப்புகை மரங்களில் படிய, 1848இல் மான்செஸ்டரில் கறுப்பு அந்துப்பூச்சி கண்ணில் பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ எல்லாமே கறுப்பாகிவிட்டன. பறவைகளின் கண்ணுக்குத் தப்பியவை பெருகின என்ற விளக்கம் எல்லோரும் படித்ததுதான். கறுப்பைக் கொடுத்தது எது? சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் துணுக்கு, கார்டெக்ஸ் என்ற மரபணுவின் புரதம் உருவாக்காத பகுதியில் வந்து விழுந்ததே காரணம் என்று 2016இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது விழுந்த காலத்தையும் கணக்கிட்டார்கள்: ஏறக்குறைய 1819. நிறத்தை இயக்குவது கார்டெக்ஸ் அல்ல, அதே இடத்தில் உருவாகும் ஓர் ஆர்.என்.ஏ. என்று 2024இல் வந்த ஆய்வுகள் திருத்தின. துணுக்கு விழுந்த இடம் அதேதான். அது எதை எழுப்பியது என்பதில்தான் திருத்தம்.

● சிசிலித் தீவில், எட்னா எரிமலையின் அடிவாரத்தில் விளையும் ரத்த ஆரஞ்சுக்கு உள்ளே இரத்தச் சிவப்பு. ரூபி என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் புகுந்த ஒரு துணுக்கின் வேலை இது. அந்தத் துணுக்கைக் குளிர் எழுப்புகிறது. அது எழுந்தால் ரூபி எழுகிறது. ரூபி எழுந்தால் சிவப்பு ஏறுகிறது. அதனால்தான் இரவில் நன்றாகக் குளிரும் ஊர்களில் மட்டுமே நிறம் ஒழுங்காகப் பிடிக்கிறது. வெப்ப நாடுகளில் அதே மரம் ஏமாற்றிவிடும்.

● பச்சைத் திராட்சை ஒரு காலத்தில் கறுப்புத் திராட்சையாக இருந்தது. நிறத்தை ஏற்றும் மரபணுவின் முகப்பில் ஒரு துணுக்கு வந்து அடைத்துக்கொள்ள, தோல் வெளுத்தது. ‘இத்தாலியா’ என்ற வெள்ளை ரகத்தில் ஒருமுறை அந்தத் துணுக்கின் பெரும்பகுதி கழன்றுவிட, திரும்பவும் சிவப்பாய்க் காய்த்த ரகத்துக்கு ‘ரூபி ஒக்குயாமா’ என்று பெயர்.

● வெள்ளைப் பூனைக்கும் திட்டுத்திட்டான வெள்ளைப் பூனைக்கும் ஒரே மரபணு, ஒரே வைரஸ். முழு வைரஸும் செருகியிருந்தால் திட்டு. அதன் ஓரத்துண்டு மட்டும் எஞ்சியிருந்தால் உடம்பு முழுக்க வெள்ளை. இப்படி முழு வெள்ளையான பூனைகளில்தான் காது கேளாமை அதிகம்.

● மக்காச்சோளத்துக்கு மூதாதை, மெக்சிகோவின் தியோசின்டே என்ற புல். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவென்றே தோன்றாது. தியோசின்டே புதராகக் கிளைத்து, கிளைக்குக் கிளை ஒல்லியான கதிர்களைச் சுமக்கும். சோளம் ஒற்றைத் தண்டாய் நிமிர்ந்து நிற்கும். கிளைப்பதை அடக்கும் மரபணு இரண்டிலும் இருக்கிறது, ஆனால் சோளத்தில் சுமார் இரு மடங்கு வேலை செய்கிறது. அதை முடுக்கிவிட்டிருக்கும் துணுக்கு அந்த மரபணுவிலிருந்து ஏறக்குறைய 60,000 எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது! அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி என்று கேட்கலாம். டி.என்.ஏ. செல்லுக்குள் நீட்டிக் கிடப்பதில்லை, மடிந்து கிடக்கிறது. தொலைவில் உள்ள இரண்டு இடங்கள் மடிப்பில் அருகருகே வந்துவிடும்.

2011இல் வந்த இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி அந்தத் துணுக்கின் வயது. மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்கள் சோளத்தைப் பயிராக்கத் தொடங்கியது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன். துணுக்கு செருகிக்கொண்டதோ அதற்கும் குறைந்தது 10,000 ஆண்டுகள் முந்தி. அவ்வளவு காலமும் அது காட்டுப் புல்லில் ஏதோ சில செடிகளில் கிடந்திருக்கிறது. விவசாயிகள் அதை உருவாக்கவில்லை. நிமிர்ந்து நின்ற செடிகளின் விதைகளை எடுத்துவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

● இட்லி, சோறு எதையும் நன்றாக மென்றால் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இனிப்பு அது. அமைலேஸ் பழைய காலத்திலிருந்து கணையத்தின் சரக்கு. மனித மூதாதையரில் அந்த மரபணுவுக்கு முன்னால் ஒரு ரெட்ரோவைரஸ் வந்து செருகிக்கொண்டது. அந்தப் பகுதியை எலிகளுக்குள் வைத்துப் பார்த்தபோது அது மரபணுவை உமிழ்நீர்ச் சுரப்பியில் இயக்கியது. 1992இல் நடந்த சோதனை இது.

● ஒரே தாய், ஒரே ஈற்று, டி.என்.ஏ.விலும் துளி வித்தியாசமில்லாத சுண்டெலிக் குட்டிகள். ஒன்று மஞ்சளாகக் கொழுத்திருக்கிறது. இன்னொன்று பழுப்பாக மெலிந்திருக்கிறது. இடையில் திட்டுத்திட்டாகச் சில. காரணம், அகூட்டி என்ற மரபணுவுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு வைரஸ் துணுக்கு. சாதாரண எலியில் இந்த மரபணு முடி வளரும்போது சிறிது நேரம் மட்டும் விழித்து, முடியில் ஒரு மஞ்சள் வளையத்தைப் போட்டுவிட்டு அடங்கிவிடும். துணுக்கு விழித்திருந்தால் மரபணு உடம்பு முழுக்க எப்போதும் விழித்திருக்கும்: மஞ்சள் நிறம், உடல் பருமன், நீரிழிவு. துணுக்கின் மேல் மெத்தில் என்ற வேதி முத்திரை விழுந்து அது அடங்கியிருந்தால், குட்டி வழக்கமான பழுப்பு.

2003இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்டர்லேண்ட், ராண்டி ஜிர்ட்டில் இருவரும் கருவுறுவதற்கு முன்பிருந்தே தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கலந்த தீனி கொடுத்தார்கள். மெத்தில் முத்திரைக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இவை. பிறந்த குட்டிகளில் பழுப்பு நிறத்தை நோக்கிச் சாய்ந்தவை கூடின. தாய் தின்றது குட்டியின் முடி நிறத்தை மாற்றியது, ஒரு தாவும் துணுக்கின் வழியாக. இதைப் படித்துவிட்டு மனிதர்களுக்கும் இதே கணக்கு என்று மாத்திரை விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். எலியின் இந்த மரபணுவில் இந்தத் துணுக்கு இருப்பதால் நடந்தது இது.

● ஒரு குழந்தையைத் தாயின் உடல் ஏன் அந்நியப் பொருளாக எண்ணி வெளியே தள்ளுவதில்லை? ஓப்போசம் போன்ற பையுடை விலங்குகளில் கரு உள்ளே இருப்பது குறுகிய காலமே. நம்மைப் போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில்தான் அது நீண்ட காலம் தங்குகிறது. அதற்காகக் கருப்பையின் உட்சுவர்ச் செல்கள் தம் தன்மையையே மாற்றிக்கொள்கின்றன: புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற ஏற, சுவர் தடித்து, கருவை ஏற்கும் மெத்தையாகிறது. இந்த மாற்றத்தில் 1,500க்கும் அதிகமான மரபணுக்கள் புதிதாகக் கருப்பைக்குள் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கின்றன என்று 2011இல் யேல் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் லிஞ்ச், குந்தர் வாக்னர் குழு கண்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சுவிட்ச் உருவாகியிருக்க வேண்டுமானால் எத்தனை யுகம் ஆகும்! அவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் ஒரே வகைத் துணுக்கு இருந்தது. எம்.இ.ஆர்.20 என்று அதற்குப் பெயர். ஹார்மோன் செய்தியைக் கேட்கும் புரதங்கள் வந்து பிடிக்கும் இடங்களோடு, தயார் நிலைச் சுவிட்சாகவே அது பரவியிருந்தது.

புரோலாக்டின் கதை இன்னும் அழகு. தாய்ப்பால் சுரக்க மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வெளியிடும் ஹார்மோன் இது. கர்ப்ப காலத்தில் கருப்பையும் இதைத் தயாரிக்கிறது. குரங்கு, மனித வம்சத்தில் இதற்கான சுவிட்சைக் கொடுத்தது ஒரு தாவும் துணுக்கு. சுண்டெலியில் அதைக் கொடுத்தது வேறொரு துணுக்கு. யானையில் மூன்றாவது ஒன்று. 2012இல் வெளியான ஆய்வு இது. ஒரே தேவையை மூன்று வம்சங்கள், தமக்குள் தொடர்பே இல்லாமல், மூன்று வெவ்வேறு துணுக்குகளைக் கொண்டு தீர்த்துக்கொண்டிருக்கின்றன. நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் புரதமும் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் உறைப் புரதமே. கருவுக்கும் தாய்க்கும் நடுவே இவ்வளவு வைரஸ் எச்சம் வேலை செய்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

● வைரஸை எதிர்க்கவே வைரஸின் மிச்சம் உதவுகிறது. உடலில் நோய்க்கிருமி நுழைந்தால் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளிப்பட, பல மரபணுக்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். அதில் ஏ.ஐ.எம்.2 என்ற மரபணு, செல்லுக்குள் தவறான இடத்தில் கிடக்கும் டி.என்.ஏ.வை மோப்பம் பிடித்து அபாயச் சங்கு ஊதுவது. அதன் சுவிட்ச் எம்.இ.ஆர்.41 என்ற பழைய வைரஸின் ஓரத்துண்டு. 2016இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சுவாங், நெல்ஸ் எல்டே, செட்ரிக் ஃபெஷோட் மூவரும் மனிதச் செல்களில் கிரிஸ்பர் கத்திரியால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மரபணு அப்படியே இருந்தும், இன்டர்ஃபெரான் கூப்பிட்டால் அது எழவில்லை. வாக்சினியா வைரஸை எதிர்ப்பதிலும் அந்தச் செல்கள் பின்தங்கின. பக்கத்தில் இருப்பதால் மட்டுமே ‘இதுதான் காரணம்’ என்று சொல்லிவிடக் கூடாது. வெட்டிப் பார்த்துச் சொன்னதால்தான் இந்த ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு.

● புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம் மனித டி.என்.ஏ.வில் பிடித்துக்கொள்ளும் இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய ரெட்ரோவைரஸ் துண்டுகளுக்குள் இருப்பதாக 2007இல் ஓர் ஆய்வு கண்டது.

● நமக்கு வால் இல்லாமல் போனதற்கும் ஒரு ஆலுத் துணுக்கு காரணமாக இருக்கலாம். வால் வளர்ச்சிக்கு வேண்டிய டி.பி.எக்ஸ்.டி. என்ற மரபணுவுக்குள், புரதம் உருவாக்காத ஓர் இடைப்பகுதியில், சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலு விழுந்தது. பக்கத்தில் எதிர்த்திசையில் ஏற்கெனவே இன்னோர் ஆலு கிடந்தது. ஆர்.என்.ஏ. உருவாகும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, நடுவில் இருந்த பகுதி விடுபட்டுப்போகிறது. வாலில்லாக் குரங்குகளிலும் மனிதரிலும் இந்த ஆலு உண்டு. வாலுள்ள குரங்குகளில் இல்லை. எலிகளில் இதே போன்ற குறுகிய வடிவத்தை உருவாக்கியபோது வால் குட்டையானது அல்லது இல்லாமலே போனது. சில குட்டிகளுக்குத் தண்டுவடக் கோளாறும் வந்தது. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு.

● 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு மீன் வலையில் சிக்கியது. டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக எண்ணியிருந்த சீலகாந்த் அது. அதன் டி.என்.ஏ.வில் ஏராளமாகக் கிடக்கும் ஒரு துணுக்கின் பழைய பிரதிகள் நமக்குள்ளும் இருக்கின்றன என்று 2006இல் கலிஃபோர்னியாவின் சான்ட்டா குரூஸில் கில் பெஜரானோ, டேவிட் ஹாஸ்லர் குழு கண்டது. நமக்குள் அது வேலையும் செய்கிறது: நரம்பு வளர்ச்சிக்கு வேண்டிய ஐ.எஸ்.எல்.1 மரபணுவிலிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் எழுத்து தூரத்தில் நிற்கும் ஒரு பிரதியை எலிக் கருவில் சோதித்தபோது, அந்த மரபணு இயங்கும் நரம்புப் பகுதிகளிலேயே அதுவும் இயங்கியது. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நீர்வாழ் மூதாதையிடமிருந்து வந்த சொத்து.

● கரு இரண்டே செல்லாக இருக்கும் கட்டத்தில் எலியின் டி.என்.ஏ.வில் மிகவும் சுறுசுறுப்பாக இருப்பவற்றில் ஒன்று எம்.இ.ஆர்.வி.எல். என்ற வைரஸ் எச்சம். அந்த ஓரிரு நாளில் மட்டும் விழித்து, கருவின் முதல் மரபணுக்களையும் எழுப்பிவிட்டு அடங்கிவிடும். இது தற்செயலான கூச்சலா, தேவையான வேலையா? 2021இல் பெர்க்லியில் லின் ஹே குழு, எலிக் கருவில் ஒரு மரபணுவுக்கு மாற்று முகப்பாக இருந்த வேறொரு துணுக்கை நீக்கிப் பார்த்தது. ஏறக்குறைய பாதிக் குட்டிகள் பிறப்பதற்கு முன்பே இறந்தன.

● துணுக்குகளைக் கண்மூடி விட்டுவிடுவதில்லை நம் உடல். அவற்றை அடையாளம் கண்டு பூட்டுவதற்கென்றே மனிதரிடம் 300க்கும் மேற்பட்ட புரதங்கள் கொண்ட ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் ஒன்று, எல்1 என்ற நீளத் துணுக்கின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பிடித்து அடக்கியது. எல்1 என்ன செய்தது? அந்த 129 எழுத்துகளையே இழந்துவிட்டு, பிடி நழுவித் திரும்பவும் பெருகியது. 2014இல் இது தெரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் இந்த மல்லுக்கட்டில் பூட்டுவதற்கு உருவான புரதங்களே பிற்பாடு நம் சொந்த மரபணுக்களை நிர்வகிக்கவும் பழகிவிட்டன.

● அப்படியானால் பாதி டி.என்.ஏ.வும் உபயோகமானதா? இல்லை. 1980இல் ‘நேச்சர்’ இதழில் பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் ஒரு கட்டுரையும், டூலிட்டிலும் சபியென்சாவும் இன்னொன்றும் எழுதி, தன்னைப் பெருக்கிக்கொள்வதைத் தவிர இவற்றுக்கு வேறு நோக்கம் தேவையில்லை என்று வாதிட்டார்கள். அந்த வாதம் இன்றும் பலமானது. 2012இல் மனித டி.என்.ஏ.வில் 80 சதவீதத்துக்குச் செயல்பாடு உண்டு என்று என்கோடு திட்டம் அறிவித்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது; எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஏதோ ஒரு புரதம் தொட்டுப்போவதற்கும் உயிருக்கு அது தேவைப்படுவதற்கும் தூரம் அதிகம். பெரும்பாலான பிரதிகள் சிதைந்து, அசைவற்றுக் கிடக்கின்றன. மனிதரிடம் இன்றும் தாவக்கூடிய எல்1 பிரதிகள் சுமார் 80 முதல் 100 மட்டுமே, 5 லட்சத்தில்! ஆனால் பாதியில் ஒரு சிறு பங்கு சுவிட்சானாலும் அதுவே ஆயிரக்கணக்கில் வரும். 2018இல் வெளியான ஒரு சோதனையில், நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மட்டுமே உள்ள ஒரு வைரஸ் எச்சத்தின் சுமார் 700 பிரதிகளை ஒரே நேரத்தில் முடக்கியும் முடுக்கியும் பார்த்தார்கள். 275 மரபணுக்களின் வேலை அதற்கேற்ப மாறியது.

● தவறான இடத்தில் விழுந்தால் நோய். 1988இல் ஹெய்க் கசாசியன் குழு, ஹீமோஃபீலியா நோயாளிகள் 240 பேரில் இரண்டு சிறுவர்களிடம், இரத்தம் உறைவதற்குத் தேவையான மரபணுவுக்குள் எல்1 புதிதாக நுழைந்திருப்பதைக் கண்டது. மனிதரில் துணுக்குகள் இன்னும் தாவுகின்றன என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான்.

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் ஆண்களைப் பெரும்பாலும் நடுவயதில் தாக்கும் ஒரு கொடிய அசைவு நோய் உண்டு. உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு பார்க்கின்சன் போல் விறைக்கும். டி.ஏ.எஃப்.1 என்ற மரபணுவின் இடைப்பகுதியில் எஸ்.வி.ஏ. என்ற துணுக்கு விழுந்து அதன் வேலையைக் குறைத்துவிட்டதால் வருவது. துணுக்கின் ஒரு முனையில் ஆறெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது எத்தனை முறை வருகிறதோ அதற்கேற்ப நோய் சீக்கிரம் தொடங்குகிறது. ஜப்பானின் ஃபுகுயாமா தசைச் சிதைவு நோயிலும் ஓர் எஸ்.வி.ஏ.தான் குற்றவாளி. அங்கே நம்பிக்கைக்கு இடமும் இருக்கிறது: துணுக்கு, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் முறையைக் குழப்புகிறது என்று 2011இல் தெரிந்ததால், அந்தக் குழப்பத்தை மறைக்கும் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு செல்களில் சரியான புரதத்தை மீட்டுக் காட்டினார்கள்.

● ஜப்பானிய நெல் ரகம் ஒன்றில் எம்பிங் என்ற 430 எழுத்துத் துணுக்கு இன்றும் முழு வேகத்தில் தாவுகிறது. ஒரு செடிக்கு, ஒரு தலைமுறைக்கு, சுமார் 40 புதுப் பிரதிகள். அவ்வளவு தாவியும் பயிர் நன்றாகவே விளைகிறது. காரணம், அது மரபணுவின் புரதப் பகுதியைத் தவிர்த்து அதற்கு முன்னால் விழுவதையே விரும்புகிறது. அப்படி விழுந்த இடங்களில் சில மரபணுக்கள் குளிருக்கும் உப்புக்கும் புதிதாக எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டன. நெல்லைக் குளிரும் உப்பும் வாட்டும் காலத்தில் இது சாதாரணச் செய்தி அல்ல.

● பழ ஈக்களில் பி என்ற துணுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வேறோர் இன ஈயிடமிருந்து வந்து நுழைந்தது. அதற்கு முன்பே பிடித்து ஆய்வகங்களில் வளர்த்துவந்த ஈக்களில் அது இல்லை. காட்டு ஆண் ஈயையும் ஆய்வகப் பெண் ஈயையும் கலந்தால் பிறந்த ஈக்கள் மலடாகின. மார்கரெட் கிட்வெல் 1977இல் இதை விவரித்தார்.

● ஒரு வைரஸ் விலங்கின் டி.என்.ஏ.வில் நிரந்தரமாகக் குடியேறுவதை நம் காலத்திலேயே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களிடம் பரவும் ஒரு ரெட்ரோவைரஸ், வடக்கே குயின்ஸ்லாந்தில் ஏறக்குறைய எல்லா விலங்குகளிலும் முட்டை, விந்துச் செல்கள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தெற்கே அந்த நிலை இன்னும் பரவவில்லை. குடியேற்றம் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று 2006இல் ரேச்சல் டார்லின்டன் குழு காட்டியது. இப்போதைக்கு இதனால் கோவாலாக்களுக்குத் துன்பம்தான்: இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் அவற்றை வாட்டுகின்றன, கட்டிகளில் இந்த வைரஸ் புற்றுநோய் மரபணுக்களுக்குப் பக்கத்தில் செருகி அவற்றை முடுக்கிவிட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், புதிதாக வந்த இந்த வைரஸை அடையாளம் கண்டு அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டும் வேலையைக் கோவாலாவின் விந்தணுத் தாய்ச்செல்கள் தொடங்கிவிட்டன என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.